ரொஷ்ஷ்வாரும் நன்னூலும்

1988ஆம் ஆண்டு மாரிகாலத்தில் பாரிஸ் வந்து சேர்ந்த எனக்கு முதலில் வாய்க்குள் அடங்காமற்போன சொல், லாச்சப்பலுக்கு அடுத்த மெத்ரோ நிலையமாகிய பார்பெஸ் ரொஷ்ஷ்வாரின் பின்பாதி. பன்னிரண்டு எழுத்துகளில் ஒன்றையும் வீணாக்காமல் ‘ரோச்செச்சோவார்ட்’ என்று நான் கேட்க, பயணச்சீட்டு விற்றவர் விழித்தார். எழுதிக் காட்டித் தப்பினேன். அது ரொஷ்-ஷ்வார் என இரண்டே அசை என்பது பின்னர்தான் தெரிந்தது.

மாநகரசபையின் மாலை வகுப்பில் எங்கள் ஆசிரியை மேசையில் விரலால் தட்டி, தட்டுக்கு ஓர் அசையாகச் சொற்களைப் பிரிப்பார். நீண்ட சொல்லானால் கடைசியிலிருந்து தொடங்கச் சொல்வார். வதிவிட அட்டையைப் புதுப்பிக்க ஓடித்திரிந்த எங்களுக்குப் புதுப்பித்தலைக் குறிக்கும் ‘ரெநுவெல்மாங்’ அன்றாடச் சொல்; அதை முதலில் ‘மாங்’, பின்பு ‘வெல்மாங்’, பின்பு ‘நுவெல்மாங்’ என்று ஏறினோம். பிரெஞ்சில் அழுத்தம் தொடரின் இறுதி அசையில் விழுவதால், இப்படிப் பழகியவனுக்கு அது தானாகவே இடத்தில் அமர்ந்துவிடும். எழுத்தில் ஐந்து அசையுள்ள இச்சொல், நடுவிலுள்ள எகரம் ஒலிக்காமையால் பேச்சில் நான்காகும். இருபத்தைந்து எழுத்து நீளமுள்ள, ‘அரசியலமைப்புக்கு முரணாக’ என்று பொருள்படும் சொல்லையும் அவ்வாறே ஆங்-தி-கோங்ஸ்-தி-த்யூ-ஸியொ-நெல்-மாங் என எட்டுத் தட்டில் கடந்தோம்.

எமது கல்லூரியில் ‘அகர முதல எழுத்தெல்லாம்’ என்பதைப் புளிமா, புளிமா, புளிமாங்காய் என்று பண்டிதர் ஐயா அலகிட வைத்தபோது, இது எதற்குதவும் என்று பின்வாங்கில் முணுமுணுத்தவர்களுள் நானும் ஒருவன். அவர் மனப்பாடம் செய்வித்த நன்னூல் விதியொன்று, என்னைப் பொறுத்தவரை, பிரெஞ்சு இலக்கண நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை ஒரே அடியில் சொல்லிவிடுகிறது: ‘உடன்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே’; மெய்யாகிய உடலின்மேல் உயிர் வந்து சேர்வது இயல்பு என்பது பொருள். ‘அவெக்’ (கூட) என்பதன் பின் ‘எல்’ (அவள்) வந்தால் பிரெஞ்சுக்காரர் இரண்டையும் தனித்தனியே நிறுத்திச் சொல்வதில்லை. ககர மெய்மேல் எகரம் ஏறி அ-வெ-கெல் ஆகிறது. தனித்து நிற்கையில் ஒலியாத ஈற்று மெய்யும் உயிரைக் கண்டால் விழித்துக்கொள்ளும். நண்பர்களைக் குறிக்க ‘லெ’, ‘அமி’ சேர்ந்து லெ-ஸ-மி ஆவது அப்படித்தான். சொல்லின் எல்லையை அசை மதிப்பதில்லை என்பது வேறு நாட்டு மாணவர்களை வெகுகாலம் குழப்பியது. புணர்ச்சி படித்த எனக்கு அது பழகிய வழி.

யாப்பு என்னைக் கைவிட்ட இடமும் உண்டு. நம் அசையில் ஒற்று முன்னெழுத்தோடு ஒட்டும்; பிரெஞ்சிலோ மெய்யைத் தொடர்ந்து லகரமோ ரகரமோ வந்தால், பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே அடுத்த அசைக்குப் போகும். கரும்பலகையைக் குறிக்கும் சொல் தா-ப்ளோ. என் நாக்கு அதை இன்றைக்கும் தாப்-ளோ என்றே வெட்டுகிறது. இங்கே பிறந்த மகள் ஒவ்வொரு முறையும் திருத்துகிறாள். பண்டிதர் ஐயாவாக இருந்தால் எனக்குத்தான் புள்ளி போட்டிருப்பார் என்று அவளிடம் சொல்லி வருகிறேன்.