ஒரே கதவு எண், இரண்டு அப்பா பெயர்

ஏப்ரல் 7, 2024, ஞாயிறு

காலையிலேயே காலிங் பெல். கரை வேட்டி கட்டிய மூன்று பேர், கையில் எங்கள் பாகத்து வாக்காளர் பட்டியல். முன்னால் நின்றவர் பேனா முனையை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்து எங்கள் கதவு எண்ணில் நிறுத்தினார். "ரெண்டு ஓட்டு. அப்பா பேரு வேற வேறயா இருக்கே, பேச்சுலர்ஸா சார்?"

எனக்கு 44, இவனுக்கு 41. பதினோரு வருடமாக இதே வீடு. "ஆமாங்க" என்றேன். உள்ளே இவன் தோசைக்கல்லைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தான்.

முந்தாநாள் காங்கிரஸ் தேர்தல் அறிக்கை வந்தது. எங்களைப் போன்ற பால்புதுமையினர் சேர்ந்து வாழ்வதைச் சட்டப்படி அங்கீகரிப்போம், பரவலாகக் கலந்தாலோசித்துவிட்டு, என்று அதில் ஒரு வரி. திருமணம் என்ற சொல் இல்லை. இருந்தாலும் படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மத்தியானத்துக்குள் ஞாபகம் வந்து கெடுத்துவிட்டது. போன வருடம் தன்பாலினத் திருமண வழக்கின்போது மத்திய அரசு மாநிலங்களிடம் கருத்துக் கேட்டது. பதில் எழுதியவை ஏழு. அதில் கூடாது என்று எழுதியவை மூன்று: அசாம், ஆந்திரம், ராஜஸ்தான். அசாம் பாஜக, தெரிந்த கதை. ராஜஸ்தானில் அப்போது ஆண்டுகொண்டிருந்தது காங்கிரஸ்.

ஏப்ரல் 15, திங்கள்

திருநங்கையர் நாள். சாயங்காலம் அக்கா வந்தார், கையில் அரைக்கிலோ மைசூர்பாகு. நான் வழக்கம்போல அரசியல்வாதிகளைத் திட்ட ஆரம்பித்தேன். மேடையில் சால்வை, கீழே இறங்கினால் யாரோ எவரோ என்று. அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"கலைஞர் திருநங்கைன்னு சொல்றதுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல என்னை எப்படிக் கூப்பிட்டாங்கன்னு சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். எனக்கே தெரியும்.

2008இல் திருநங்கையர் நலவாரியம் வந்தபோது அட்டை வாங்கியவர் அக்கா. 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் அவருக்கு டிக்கெட் கிடையாது. "போட்டோவுக்காகத்தான் குடுத்தாங்கன்னே வெச்சுக்கோ தம்பி. பஸ் ஓடுதுல்ல?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. திமுக எம்.பி. திருச்சி சிவாவை இழுத்தேன். அவர் தனிநபராகக் கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவையில் அப்படியே கிடந்து போனது. பிறகு 2019இல் அரசு தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டது. அதைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்பச் சொல்லியும் சிவாதான் கேட்டார். ஆதரவு 55, எதிர்ப்பு 74. சட்டம் வந்தேவிட்டது. "எங்க மேல கை வெச்சா அதிகபட்சம் ரெண்டு வருஷந்தான் அதுல" என்றார் அக்கா. "ஆனா அந்த மனுஷன் கேட்டாரா இல்லையா? உங்களுக்காக யாரு கேட்டா?"

காங்கிரஸ் எம்.பி. சசி தரூர் கேட்டார் என்றேன். கிளம்பும்போது அக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கீங்க. யாருன்னே தெரியாதவனுக்கு எவன் என்ன குடுப்பான்?"

ராத்திரி தூக்கம் வராமல் தரூர் கணக்கை எடுத்துப் பார்த்தேன். 2015 டிசம்பர் 18. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் திருத்த மசோதா. நிறைவேற்றக்கூட இல்லை, அறிமுகம் செய்வதற்கே ஓட்டெடுப்பு. ஆதரவு 24, எதிர்ப்பு 71. அடுத்த மார்ச்சில் மறுபடி முயன்றார். 14க்கு 58. எதிர்த்துக் கை தூக்கியவர்கள்மேல்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை, முகம் தெரிகிறது. 543 பேர் உட்கார வேண்டிய இடத்தில் மற்றவர்கள் எங்கே போனார்கள்? தனிநபர் மசோதா வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் வரும். பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டோம். ஆண்கள் வரிசையில் நான் முன்னால், இவன் பின்னால். யாருக்கு என்று இவனிடம்கூடச் சொல்லவில்லை. வெயில் தாங்கவில்லை.

ஜூன் 7, வெள்ளி

சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்தத் தீர்ப்பைச் சொல்லி இன்றோடு மூன்று வருடம். ஒருவரையொருவர் விரும்பி வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கு. தனக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று அவர் வெளிப்படையாக ஒத்துக்கொண்டு, உளவியல் நிபுணர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து எழுதினார். அப்படிப் போய் உட்கார்ந்த ஒரு எம்.எல்.ஏ. பெயரை யாராவது சொல்லுங்கள், ஓட்டை இப்போதே எழுதித் தருகிறேன்.

போலீஸ் நம்மைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று 2022இல் மாநில அரசு நடத்தை விதியைத் திருத்தியதும் அந்த வழக்கு பின்னாலிருந்து தள்ளியதால்தான். ஆனாலும் தள்ளினால் நகர்ந்த அரசு என்று ஒரு வரி எழுதத்தான் வேண்டும். தள்ளியும் நகராதவற்றைப் பார்த்திருக்கிறோம்.

சென்னையில் ஜூன் மாதம் நடக்கும் பேரணியின் பெயரே வானவில் சுயமரியாதைப் பேரணி. 2009இலிருந்து நடக்கிறது. இந்த ஊர் அரசியலே அந்தச் சொல்லில் வளர்ந்ததுதான். நான் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், முகமூடி போட்டுக்கொண்டு. அக்கா சொன்னது உறைக்கிறது.

செப்டம்பர் 2, திங்கள்

பேப்பரில் செய்தி. பால்புதுமையினர் சேர்ந்து வங்கிக் கணக்குத் தொடங்கத் தடையில்லை என்று மத்திய அரசு விளக்கம் தந்திருக்கிறதாம். இவன் சிரித்தான். எந்த இரண்டு பேரும் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாமே, எங்களுக்கே 2016இலிருந்து ஒன்று இருக்கிறது. இல்லாத பூட்டுக்குச் சாவி.

ஆனால் கூடவே இன்னொன்று: ரேஷன் அட்டைக்கு இணையரை ஒரே குடும்பமாக எடுத்துக்கொள்ளச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். திருமண வழக்கில் எங்களை அவ்வளவு பாடுபட்டு எதிர்த்த அதே அரசு. இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை. இவன் பெயர் இன்னும் அவன் அம்மா அட்டையில், திண்டிவனத்தில் இருக்கிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

டீக்கடையில் ஏப்ரல் மாதத்துப் பேனாக்காரர். ரேஷன் கார்டு விஷயம் என்றதும் அவரே ஒரு தாள் எடுத்து மனு எழுத ஆரம்பித்துவிட்டார். நல்ல கையெழுத்து. பெயர், வயது, கதவு எண் எல்லாம் கேட்காமலே வந்தது.

"உறவுன்னு என்ன போடட்டும்? அண்ணன் தம்பின்னா அப்பா பேரு இடிக்குமே."

"பேச்சுலர்ஸ் இல்லைங்க. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாழறோம்."

பேனா அப்படியே நின்றது. டீ ஆடை கட்டிவிட்டது. என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு தாளை. முகத்தில் அருவருப்பு எதுவும் இல்லை, அதைச் சொல்ல வேண்டும். "சரி சார், அந்த இடத்தை இப்போதைக்கு விட்டுவெக்கிறேன். மேல கேட்டுச் சொல்றேன்." தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஒரு வாரமாக இவன் தினமும் கேட்கிறான். இன்று நானே போன் போட்டேன். "மேல கேட்டிருக்கேன் சார்" என்றார்.