கயிற்றுப் பூட்டு தாங்குவது இருபது கிலோதான்

அரங்கின் மேடைப் பகுதியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பக்கச்சுவரில் வரிசையாக நிற்கும் கயிறுகளைக் கண்டதும் முதலில் கேட்பது அந்தக் கைப்பிடிகளைப் பற்றித்தான். கயிற்றுப் பூட்டு என்று சொன்னால் நிம்மதியாகத் தலையாட்டுவார்கள். பூட்டியிருக்கிறது, ஆகவே தலைக்கு மேல் தொங்குவது விழாது. வேலைக்குப் புதிதாகச் சேரும் தம்பிகளும் அப்படியே நம்பிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் மனத்திலிருந்து அந்த நம்பிக்கையைக் கழற்றுவதுதான் எனக்குப் பெரிய வேலை.

நான் வேலை பார்ப்பது சிங்கப்பூரில், எதிர் எடை முறையில் இயங்கும் ஓர் அரங்கில். மேடைக்கு மேலே ஒரு சாண் இடைவெளியில் குறுக்குக் குழாய்கள். படுதா, விளக்கு, அலங்கார வளைவு எல்லாம் அவற்றில்தான் தொங்கும். ஒவ்வொரு குழாயையும் தாங்கும் கம்பி வடங்கள் உச்சியிலுள்ள கப்பிகளின் மேல் ஓடிப் பக்கச்சுவருக்கு வந்து ஓர் இரும்புச் சட்டத்தில் முடிகின்றன. குழாயில் தொங்கும் எடைக்குச் சமமாகச் சட்டத்தில் இரும்புக் கட்டிகளை அடுக்கிவிட்டால் ஒருவர் கையாலேயே ஏற்றி இறக்கலாம். கல் கட்டிய கிணற்றுத் துலாவைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். நம் பழைய நாடகக் கம்பெனிகளின் சீன் படுதாக்கள் அடியிலிருந்த மூங்கிலோடு சுருண்டு மேலே போகும். அதற்கு உயரக் கோபுரமும் வேண்டாம், கட்டிகளும் வேண்டாம். சமன் என்ற தொல்லை இந்த எதிர் எடை முறையில்தான்.

நாங்கள் பிடித்து இழுக்கும் கைக்கயிறு ஒரு முழுச் சுற்று. சட்டத்தின் தலையிலிருந்து மேல் கப்பிக்குப் போய், கீழே இறங்கிப் பூட்டுக்குள் நுழைந்து, தரைக் கப்பியைச் சுற்றிச் சட்டத்தின் அடிக்குத் திரும்பும். பூட்டு செய்வதெல்லாம் இந்தக் கயிற்றை இரண்டு பற்களுக்கு நடுவே அழுத்திப் பிடிப்பதுதான். இரு பக்க எடைக்கும் வித்தியாசம் ஏறத்தாழ இருபது கிலோவுக்குள் இருந்தால் பிடிக்கும். மீறினால் கயிறு வழுக்கிக்கொண்டு ஓடும். கைப்பிடியின் மேல் விழும் வளையமும் பூட்டு தானாகத் திறந்துகொள்ளாமல் காக்குமே தவிர, பாரத்தைத் தாங்காது. உண்மையில் தாங்குவது சமன். சமன் குலையும் நேரத்தில் கயிற்றைத் தனியாகக் கட்டியாக வேண்டும்.

சமன் குலைவது காட்சி நடக்கும்போது அல்ல, பெரும்பாலும் பொருளை மாட்டும்போதும் கழற்றும்போதும்தான். மாட்டும்போது குழாயைத் தரைக்கு இறக்கி முதலில் பொருளைக் கட்ட வேண்டும். பிறகுதான் மேல் மாடத்தில் நிற்பவர் கட்டிகளை அடுக்க வேண்டும். கழற்றும்போது நேர்மாறு: முதலில் கட்டிகள் இறங்க வேண்டும், பிறகு பொருள். அதிக எடை எப்போதும் தரையில் கிடக்கும் குழாயின் பக்கமே இருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கு விழ இடமில்லை. குழாய் கீழே இருக்கும்போது சட்டம் உச்சியில் நிற்கிறது. அந்தப் பக்கம் கனத்தால் விழ முழு உயரமும் இருக்கிறது.

வேறோர் அரங்கில் இது தவறியதைப் பார்த்திருக்கிறேன். இரவு நேரம், எல்லாருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். மாடத்துக்கு ஆள் ஏறுவதற்குள் கீழே இருந்தவர்கள் கனத்த படுதாவை அவிழ்த்துவிட்டார்கள். பூட்டு பூட்டித்தான் இருந்தது, வளையமும் அதன் இடத்தில்தான் இருந்தது. கயிறு முதலில் மெதுவாக ஊர்ந்தது, பிறகு விர்ரென்று ஓடியது. வெறும் குழாய் உச்சியில் போய் மோதியது, சட்டம் தரையில் இடித்தது. அடுக்கின் மேல் இறுக்க வேண்டிய கவ்வியை யாரோ தளர்த்தி வைத்திருந்ததால் இரண்டு மூன்று கட்டிகள் வெளியே தெறித்தன. பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத விருப்பமில்லை.

இன்னொரு நுணுக்கம் பரதநாட்டிய அரங்கேற்றங்களில் அடிக்கடி வரும். பெற்றோர் ஆசையாக மரத்தில் கோயில் முகப்பு செய்து கொண்டுவருவார்கள். அது அந்தரத்தில் தொங்கும்வரை எல்லாம் சமன். அடிப்பாகம் மேடையில் ஊன்றியதும் பாரத்தில் பாதியைத் தரை வாங்கிக்கொள்ளும். கட்டிகளோ அப்படியே இருக்கும். சட்டம் இறங்கத் துடிக்கும்.

“பூட்டிவிட்டேன் அண்ணே, வளையமும் போட்டாயிற்று.”

“சரி தம்பி, கயிற்றை முறுக்கினாயா?”

முறுக்குவது இப்படி. கைக்கயிற்றுச் சுற்றில் முன்னால் ஓடும் கயிற்றையும் பின்னால் ஓடும் கயிற்றையும் சேர்த்துப் பிடித்து, நடுவில் கெட்டியான மரக்கோலைச் செருகி மூன்று நான்கு சுற்றுச் சுற்ற வேண்டும். ஒரு பக்கக் கயிறு மேலே போக வேண்டுமானால் மற்றது கீழே போயாக வேண்டும் அல்லவா? பின்னிக்கொண்ட பிறகு ஒன்றையொன்று விடாது. கோலின் முனையைப் பூட்டுகள் வரிசையாகப் பொருத்தியிருக்கும் அசையாத இரும்புக் கம்பியோடு சேர்த்து மெல்லிய கயிற்றால் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் கோல் திரும்பிச் சுழன்று முகவாயில் அடிக்கும். தனிக் கயிற்றால் கைக்கயிற்றின் மேல் சுருக்குப் போட்டு, இழுக்க இழுக்க இறுகும்படி கட்டுகிறவர்களும் உண்டு. எனக்குக் கோல்தான் பிடிக்கும்: தூரத்திலிருந்து பார்த்தாலே கட்டியிருப்பது தெரியும். அவிழ்ப்பதற்கு முன் முறுக்கு இருக்கும்போதே பூட்டை மெல்லத் திறந்து பார்த்தால் எடை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதையும் கயிறே சொல்லிவிடும். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. பெரிய வித்தியாசம் வரும் என்று முன்பே தெரிந்தால் கோலை நம்பக் கூடாது, சங்கிலிக் கப்பியைக் கொண்டுவர வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கயிறு ஓடத் தொடங்கினால் பிடிக்காதே என்றுதான் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். வீரம் காட்டுகிறவனுக்கு உள்ளங்கைத் தோல் உரியும், கயிறு நிற்கப் போவதில்லை. உரக்கக் கத்திவிட்டுச் சுவரிலிருந்து விலகி ஓட வேண்டும்.

மோட்டார் வைத்துவிட்டால் இந்தக் கவலை தீரும் என்கிறார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் பக்கத்துக் குழாயில் துணி சிக்கினால் கயிற்றைப் பிடித்திருக்கும் கைக்கு உடனே தெரியும். பல மோட்டார்களுக்குத் தெரியாது. கிழித்துக்கொண்டே மேலே போகும்.

என் குறை வேறு. வாடகை ஒப்பந்தத்தில் ஒத்திகைக்கு நேரம் இருக்கிறது, ஒப்பனைக்கு இருக்கிறது, பூ மாலை கட்டக்கூட இருக்கிறது. கட்டிகளை இறக்க நேரம் இல்லை. கடைசி விருந்தினர் படம் எடுத்துக்கொண்டு நகர்வதற்குள் மேடையைக் காலி செய்யச் சொல்கிறார்கள். ஒரு மணி நேரத்தைத் தனியாக எழுதித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இந்த ஆண்டு அரை மணி நேரம் கிடைத்திருக்கிறது.