சில்லர் இயந்திரத்தை மாற்றும் முன் சென்சாரைப் பாருங்கள்

சிங்கப்பூரில் மொத்தத் தரைப்பரப்பு 5,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ உள்ள கட்டடம் உங்கள் பொறுப்பில் இருந்தால், 2025இல் நடப்புக்கு வந்த கட்டாய எரிசக்தி மேம்பாட்டு விதி உங்களையும் தொடலாம். ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை கிலோவாட்-மணி செலவாகிறது என்பதே கணக்கு. அது கட்டட, கட்டுமான ஆணையத்தின் வரம்பைத் தொடர்ந்து 3 ஆண்டுகள் தாண்டினால் எரிசக்தித் தணிக்கை கட்டாயம். பிறகு அந்த அளவை 10 விழுக்காடு குறைத்தும் காட்ட வேண்டும்.

பலரும் முதலில் எல்இடி விளக்கைத்தான் நினைக்கிறார்கள். தவறில்லை. ஆனால் நம் புழுக்கத்தில் மின்கட்டணத்தின் பெரும்பங்கு ஏர்கானுக்கே போகிறது. நீரைக் குளிர்விக்கும் சில்லர், அதைச் சுற்றிவரச் செய்யும் பம்ப், வெப்பத்தை வெளியே விடும் கூலிங் டவர் எல்லாம் சேர்ந்து ஒரு டன் குளிர்ச்சிக்கு (டன் என்பது குளிர்விக்கும் திறனின் அலகு) 0.9 கிலோவாட் எடுக்கும் இடத்தில் 0.65க்கு இறக்கினால், 500 டன் சுமையில் மணிக்கு 125 கிலோவாட்-மணி மிச்சம்.

இந்த 0.9, 0.65 போன்ற எண்ணை நம்பலாமா என்பதுதான் சிக்கலே. குளிர்ச்சி எத்தனை டன் என்பதை, குளிர்நீரின் ஓட்டத்தையும் வெப்ப வித்தியாசத்தையும் அளந்தே கணக்கிடுகிறோம். சில்லரிலிருந்து போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் வெப்ப வித்தியாசம் 5.5 டிகிரி என்று வையுங்கள். இரு சென்சார்களும் எதிரெதிராக 0.1 டிகிரி தவறினால் பிழை 3.6 விழுக்காடு. சுமை குறைந்து வித்தியாசம் 3 டிகிரிக்கு வந்தால் அதே பிழை 6.7 ஆகிவிடும். அதனால் இரண்டையும் பொருத்துமுன் ஒரே நீரில் வைத்து ஒப்பிடுங்கள். சென்சார் முனை குழாயின் நடுப்பகுதியை எட்ட வேண்டும். நீரோட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டரைக் குழாய் வளைவை ஒட்டிப் போடவே கூடாது. நீர் சுழன்று வந்தால் அளவு தப்பும். முன்னால் குழாய் விட்டத்தின் 10 மடங்காவது நேர்குழாய் விடுங்கள்.

சரிபார்க்க வழி உண்டு. குளிர்நீரிலிருந்து எடுத்த வெப்பமும் கம்ப்ரசர் மின்சாரமும் சேர்ந்து கண்டென்சர் (சில்லரின் வெப்பத்தை வெளியே தள்ளும் பகுதி) வெளியேற்றும் வெப்பத்துக்குச் சமமாக வேண்டும். பதிவுகளில் 80 விழுக்காடாவது 5 விழுக்காட்டுப் பிழைக்குள் நிற்க வேண்டும். நிற்காத தரவை வைத்துப் புதுச் சில்லரின் அளவை முடிவு செய்யாதீர்கள்.

மீட்டர் சரியாக இருந்தும் வெப்ப வித்தியாசம் 3 டிகிரியைத் தாண்டவில்லையா? அறைகளில் குளிர்காற்று தரும் ஃபேன் காயில்களின் வால்வுகள் மூடாமல் சிக்கியிருக்கின்றனவா, அறைகளுக்குப் போகாமல் நீரைத் திருப்பிவிடும் பைபாஸ் குழாயில் குளிர்நீர் வீணே திரும்புகிறதா என்று பாருங்கள். இதைச் சரிசெய்யாமல் போட்ட புதுச் சில்லரும் பாதிச் சுமையில்தான் ஓடும். ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே சென்சார் ஒப்பீட்டுச் சான்றையும், ஒரு வாரத்துக்கான நிமிடவாரிப் பதிவையும் ஒப்படைப்பு நிபந்தனையாக எழுதிவிடுங்கள். வேலை முடிந்து பணமும் கொடுத்துவிட்டால் அதைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.