ஒரு ஸ்ட்ரெச்சர் இடம்

2021 டிசம்பர் 7

கொடிநாள். சட்டையில் கொடி குத்த வந்த பிள்ளைகளோடு தலைமையாசிரியரும் வந்தார். 1971 போர் முடிந்து வருகிற 16-ஆம் தேதியோடு ஐம்பது வருஷம், பள்ளியில் வந்து பேசுங்கள் என்றார். சரி என்றேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 11

எழுதிப் பார்க்கிறேன். அப்போது நான் ராணுவத்தில் புது டாக்டர். இன்றைய வங்கதேசத்தில் ஜெஸ்ஸோர் பக்கம் கூடாரம், ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு. அங்கே ஆபரேஷன் வசதி இல்லை; ரத்தத்தை நிறுத்தி, பாட்டில் ஏற்றி, பின்னால் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதுதான். அன்றிரவு வண்டியில் படுக்க வைக்க ஒரே இடம் மிச்சம், ஆட்கள் இரண்டு பேர். ஒருவன் நம் தருமபுரிப் பையன். கெண்டைக்கால் எலும்பு முறிவு, கட்டுப் போட்டு ரத்தம் நின்றுவிட்டது. இன்னொருவன் பாகிஸ்தான் சிப்பாய், வயிற்றில் குண்டு. நாடி நூல் மாதிரி ஓடியது. யார் முதலில் என்று மருத்துவ மாணவனைக் கேட்டாலே சொல்லிவிடுவான். 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின் 12-ஆம் விதியும் அதைத்தான் சொல்கிறது: முன்னுரிமைக்கு மருத்துவ அவசரம் ஒன்றுதான் காரணமாகலாம். பயிற்சியில் மனப்பாடம் செய்தது.

"சார், கால் போயிடுமா?" என்று பையன் தமிழில் கேட்டான். முந்தின நாள் இரண்டு பேரைப் பறிகொடுத்திருந்தோம். வெளியே அவன் கூட்டாளிகள் நின்றிருந்தார்கள்.

பையனை ஏற்றினேன்.

டிசம்பர் 12

வண்டி திரும்பி வர ஒன்றரை மணி நேரம். அவன் "பானி, பானி" என்றான். எனக்கு அப்போது தெரிந்த நாலு இந்தி வார்த்தைகளில் அதுவும் ஒன்று. குடல் கிழிந்தவனுக்குத் தண்ணீர் தரக் கூடாது. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். உறிஞ்சினான். மறுபடி நனைத்தேன். வண்டி வந்தபோது உயிர் இருந்தது. அப்புறம் என்ன ஆனான் என்று நான் விசாரிக்கவில்லை.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. கூட்டாளிகள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். நாட்டின் மேல் எனக்கு இருந்த பற்று பொய்யில்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு இடத்தை முடிவு செய்ய வேண்டியவன் டாக்டர். அவன் அந்த நேரம் கூடாரத்தில் இல்லை.

டிசம்பர் 16

டாக்கா சரணடைந்ததையும், 93,000 கைதிகளையும் சொன்னேன், கைதட்டினார்கள். பிறகு இதையும் சொன்னேன். எட்டாம் வகுப்புப் பெண் எழுந்து, "அவர் பேர் என்ன தாத்தா?" என்றாள்.

காயம்பட்டவன் சட்டையில் கட்டும் அட்டையில் பெயருக்கென்று ஒரு கோடு உண்டு. தருமபுரிப் பையனுக்கு அப்பா பெயர் வரை கேட்டு எழுதினேன். இவன் அட்டையில் அந்தக் கோட்டின் மேல் 'பாக். கைதி' என்று எழுதிக் கட்டினேன்.