அம்மா கையெழுத்திட்ட பதினெட்டுப் பக்கங்கள்

அம்மாவுக்கு இருமல் தொடங்கியபோது, கிருஷ்ணகிரியில் நாங்கள் முதலில் பார்த்த மருத்துவர் எக்ஸ்ரேயில் தெரிந்த நிழலைக் காசநோய் என்று கருதி, சளிப் பரிசோதனையில் கிருமி தென்படாதபோதும் மாத்திரைகளைத் தொடங்கிவிட்டார். நான்கு மாதங்கள் அப்படியே போயின. பீடியோ சிகரெட்டோ தொட்டறியாத, மாந்தோப்பிலும் அடுப்படியிலும் வாழ்நாளைக் கழித்த ஒரு பெண்ணுக்கு நுரையீரல் புற்றுநோய் வரக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்த நான்கு மாதங்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

பெங்களூரிலுள்ள ஓர் ஆராய்ச்சி மருத்துவமனையில் திசுப் பரிசோதனை செய்தபோது நோய் உறுதியானது. புகைக்காத பெண்களின் நுரையீரல் புற்றுநோயில் அதிகமாகக் காணப்படும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாற்றம் அம்மாவுக்கும் இருந்தது. அதற்கென்றே மாத்திரை உண்டு என்ற மருத்துவர், அந்த மாத்திரையை மட்டும் தருவது நல்லதா, அதனுடன் வேறொரு மருந்தையும் சேர்த்துத் தருவது நல்லதா என்று கண்டறிய மூன்றாம் கட்ட ஆய்வு (நிறைய நோயாளிகளிடம் சிகிச்சைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டம்) ஒன்று நடப்பதாகவும், விருப்பமிருந்தால் சேரலாம் என்றும் சொன்னார்.

ஊரில் இதைச் சொன்னபோது பெரியம்மா அழுதுவிட்டார். "உன் அம்மாவை வைத்தா சோதனை பண்ணப் போகிறார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு விடை தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது என்றே நானும் நினைத்தேன்.

முதலில் எங்களுக்குத் தரப்பட்ட ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் இருந்தது. அம்மாவுக்குச் சந்தைப் பேச்சுக்கான கன்னடம் தெரியும், படிக்கத் தெரியாது. தமிழில் வேண்டும் என்று கேட்டோம். நோயாளிக்குப் புரியும் மொழியில் தகவல் தருவது விதி என்பதாலும், மொழிபெயர்த்த படிவத்துக்கும், நோயாளிகளின் நலனைக் காக்க ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை என்பதாலும் சில நாட்கள் காத்திருக்கச் சொன்னார்கள். தாமதம் அச்சமூட்டியது, ஆனால் அந்தக் காத்திருப்புதான் எங்களுக்கு யோசிக்க அவகாசம் தந்தது.

பதினெட்டுப் பக்கங்கள். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு மாலைகளில் வாசித்தேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்த அம்மா, புரியாத இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். யார் எந்தப் பிரிவு என்பதை மருத்துவர் தீர்மானிப்பதில்லை, கணினி தற்செயலாக ஒதுக்கும் என்ற வரி வந்தபோது, "ஏன் கண்ணு, சீட்டுக் குலுக்கிப் போடுவது போலவா?" என்றார். அதேதான். உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையில், ஒன்றும் அறியாத சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்க வைத்ததற்கும் இதுவே காரணம்: எடுப்பவரின் விருப்பு வெறுப்பு உள்ளே நுழையக் கூடாது. தெம்பாக இருப்பவர்களை மருத்துவர் ஒரு பக்கமும் தளர்ந்தவர்களை மறுபக்கமும் சேர்த்துவிட்டால், நன்மை மருந்தால் வந்ததா, உடல்வாகால் வந்ததா என்று பிரித்தறியவே முடியாது.

வெறும் மாவு மாத்திரையைத் தந்து ஏமாற்றுவார்களோ என்பது அப்பாவின் பயம். இந்த ஆய்வில் இரு பிரிவினருக்கும் வழக்கமான மாத்திரை உண்டு என்று ஐந்தாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது. ஆய்வால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் பெறும் உரிமை 2019ஆம் ஆண்டின் மருத்துவ ஆய்வு விதிகளில் இருக்கிறது. இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு 2007 முதல் இணையத்தில் உள்ளது. 2009 முதல் பதிவு கட்டாயம். படிவத்திலிருந்த எண்ணை அதில் தேடிப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

சேர்த்துத் தருவது எப்போதும் நல்லது என்று நான் நம்பிவிடவில்லை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் இதே மரபணு மாற்றமுள்ள 350 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2020இல் வெளிவந்தது. இந்த மரபணு மாற்றத்துக்கான ஜெஃபிடினிப் மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கு நோய் மீண்டும் வளராமல் இருந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேர் இதைத் தாண்டினார்கள், பாதிப் பேர் தாண்டவில்லை) 8 மாதங்கள். கீமோதெரபியும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 16 மாதங்கள். ஆனால் கடும் பக்கவிளைவுகள் 25 விழுக்காட்டிலிருந்து 51 விழுக்காடாக உயர்ந்தன. இரண்டையும் அம்மாவிடம் சொன்னேன். நல்லதை மட்டும் சொல்லிச் சம்மதம் வாங்குவது சம்மதமாகாது.

பெரியம்மாவுக்கு வேறு விதமாகச் சொன்னேன். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில் 193 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியம் எனும் காசநோய் விடுதி மருத்துவமனையிலும் மருந்து கொடுத்தார்கள். வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தருவதும், வீட்டிலிருப்பவர்களுக்கு நோய் தொற்றுவது அதனால் கூடுவதில்லை என்பதும் தெரிந்தன. இன்று காசநோயாளி வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாவதற்கு அந்த 193 பேரின் பங்கேற்பும் ஒரு காரணம். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் பெங்களூருக்குக் கட்டுச்சோறு மட்டும் கொடுத்தனுப்பினார்.

எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை தடைபடாது என்ற வரியை அம்மா இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். பிறகு கையெழுத்திட்டார். ஒதுக்கீட்டில் அவருக்குக் கிடைத்தது மாத்திரை மட்டும் தரும் பிரிவு. எனக்கு ஏமாற்றமாக இருந்தது, அம்மாவுக்கு இல்லை.

இப்போது மாதம் ஒருமுறை விடியற்காலைப் பேருந்தில் ஓசூர் வழியாகப் போகிறோம். தீர்ந்த மாத்திரை அட்டைகளையும் திருப்பித் தர வேண்டும் என்பதால், அப்பா அவற்றை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைக்கிறார். செவிலியர் எண்ணி எழுதிக்கொள்ளும்போது, கணக்கு சரியாக இருக்கிறதா என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.