மாத்திரையும் டீயும்

எனக்கு இப்போது ஏழாவது மாதம். ஐந்தாவது மாதத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.2 தான் இருந்தது, கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பார்கள். கேட்டதும் அழுகை வந்துவிட்டது. முருங்கைக்கீரைப் பொரியல், தட்டைப்பயறு, பச்சைப்பயறு கடைசல் என்று அத்தை எதிலும் குறை வைக்கவில்லை, இரும்புச்சத்து மாத்திரையையும் நாலாவது மாதத்திலிருந்து ஒரு நாள் விடாமல் போட்டு வந்தேன்.

எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸக்கா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "மாத்திரைய எப்பக் கண்ணு போடறே?" என்றார். காலையில் சாப்பிட்டதும் கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டுவிட்டு உடனே டீ குடிப்பேன் என்றேன். "அதாங் கண்ணு, டீயே முக்கால்வாசியத் தடுத்துப்போடும்" என்றார்.

டீயிலும் காபியிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. கால்சியமும் பாலும் அப்படித்தான். ரெண்டு மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டாக்டர் ஒன்றை இரண்டாக்கிவிட்டதால் இப்போது இரும்புச்சத்து மாத்திரை காலை பதினொரு மணிக்கு ஒன்று, ராத்திரி படுக்கப் போகும்முன் ஒன்று, கூடவே எலுமிச்சைச் சாறு அல்லது நெல்லிக்காய் ஒரு துண்டு, ஏனென்றால் வைட்டமின் சி இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். கால்சியம் காலைச் சாப்பாட்டோடும் மதியச் சாப்பாட்டோடும். டீ சாயங்காலம் நாலு மணிக்கு ஒரே தடவை. போன வாரம் பார்த்ததில் 10.3 வந்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சாப்பாட்டு அளவில்தான் வீட்டில் பஞ்சாயத்து. "ரெண்டு உசுருக்குத் தின்னோணும் சாமி" என்று அம்மிச்சி தட்டில் போட்டுக்கொண்டே இருப்பார். ஆனால் நாலாவது மாதத்திலிருந்து கூடுதலாக வேண்டியது ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரிதான், அதாவது நம்ம அரிசியும் பருப்பும் சாதம் ஒரு கிண்ணமும் ஒரு டம்ளர் மோரும், கிட்டத்தட்ட அவ்வளவே. சாதத்தைக் கூட்டாமல் பருப்பு, முட்டை, கீரையைக் கூட்டிக்கொண்டேன். வாரத்தில் மூன்று நாள் மதியம் ராகிக் களியும் கீரை கடைசலும். கர்ப்பகாலச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தாகிவிட்டது, எனக்கு இல்லை. இருக்கிறவர்கள் டாக்டர் சொல்லும் அளவைத்தான் கேட்க வேண்டும், எங்க வீட்டு அளவை அல்ல.

அப்புறம் நடை. அத்தைக்கு இதில் சுத்தமாக உடன்பாடில்லை, "நெறமாசத்துல வாய்க்கா மேட்டுல எங்கடா நடக்கறது" என்று என் வீட்டுக்காரரிடம் சண்டையே போட்டார். பயத்தில்தான் சொன்னார், எனக்குப் புரிந்தது. உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம், அதைத்தான் தினம் அரை மணி நேரமாக ஐந்து நாளுக்குப் பிரித்துக்கொண்டோம். சாயங்காலம் ஐந்தரைக்கு வெயில் தாழ்ந்ததும் கிளம்புவோம். ஒருபக்கம் மஞ்சள் காடு, இன்னொரு பக்கம் தண்ணீர், நடுவில் வண்டித்தடம். கல் கிடக்கும் என்பதால் பின்வார் வைத்த செருப்புதான். அளவுக்கு ஒரே கணக்கு, பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பேச்சு அறுந்து மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். சண்டை போட்ட அத்தையே இப்போது கூட வருவதால் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. இரும்பு மாத்திரையால் வந்த மலச்சிக்கலும் நடக்க ஆரம்பித்த பிறகுதான் குறைந்தது.

நச்சுக்கொடி கீழே இருக்கிறது என்று ஸ்கேனில் சொன்னவர்களும் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டவர்களும் இதைப் படித்துவிட்டு நடக்கக் கிளம்பிவிடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். நடக்கும்போது உதிரம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, தலை சுற்றினாலோ வீட்டுக்கு வந்து படுத்துப் பார்க்கலாம் என்று இருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

எனக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை 32-வது வாரத்தில். 11 வந்துவிட வேண்டும் என்று அத்தை இப்போதே மாகாளியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார்.