கையெழுத்துப் போடும் கை

கணக்குத் துறைக்கு நான் தலைமை ஏற்ற முதல் மார்ச் மாதம். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம். நான் எழுந்திருக்கும் வரை யாரும் வீட்டுக்குக் கிளம்பமாட்டார்கள். அதைத்தான் அப்போது அதிகாரம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஒரே பில்லை இரண்டு முறை பதிந்துவிட்டான். வவுச்சர் கட்டை எடுத்து அவன் முன் வீசினேன். ஊசி கழன்று தாள்கள் தரையெங்கும் சிதறின. குனிந்து பொறுக்கி, எண் பார்த்து அடுக்கினான். விரல் நடுங்கியதில் ஒரு தாள் மறுபடி மறுபடி நழுவியது. "சாரி சார்" என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. கண்ணை மூடினால் அந்த விரல்தான்.

அந்த நாட்களில்தான் ஊ பா கின் பற்றிப் படித்தேன். 1948-இல் பர்மா விடுதலை பெற்றபோது அந்நாட்டின் முதல் தலைமைக் கணக்காயர் ஆனவர். நம்ம தொழில்காரர் என்பதே என்னை இழுத்தது. தன் அலுவலக ஊழியர்களுக்கே விபாசனா தியானம் கற்றுக்கொடுத்தார்; உடலிலும் மனசிலும் நடப்பதை அப்படியே கவனிக்கும், புத்தர் வழி வந்த தியானம் அது. 1952-இல் ரங்கூனில் தியான மையம் தொடங்கினார். ஒரே நேரத்தில் பல துறைகளைச் சுமந்துகொண்டு, 1967 வரை அரசுப் பணியிலும் இருந்தார். ஒரு துறைக்கே நான் இந்தப் பாடு படுகிறேனே என்று தோன்றியது.

அவரிடம் படித்த கோயங்கா பரப்பிய பத்து நாள் பயிற்சிக்கு, சென்னை அருகே திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது தியான மையத்துக்குப் போனேன். செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். யாரிடமும் பேசக்கூடாது. விடிகாலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிப்பது மட்டும்தான் வேலை. மூச்சு போகிறது, வருகிறது. இரண்டு மூச்சுக்குள் மனசு ஆபீசுக்கு ஓடிவிடும். முப்பது பேருக்கு உத்தரவு போடுகிறவன், சொந்த மனசை ஒரு நிமிடம் நிறுத்த முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அழுதேன்.

புத்தர் சொன்ன பலங்கள் ஐந்து: நம்பிக்கை, முயற்சி, நினைவு, மன ஒருமை, மெய்யறிவு. புத்தரின் போதனைகள் எழுதப்பட்ட பாலி மொழியில் 'சதி' என்றால் நினைவு; இந்த நொடியில் எனக்குள் என்ன நடக்கிறது என்பதை மறக்காமல் இருப்பது. ஐந்தில் ஒன்றுக்குக்கூட எனக்குக் கீழே ஒருவர் இருக்கவேண்டிய அவசியம் இல்லை. பதவி போனால் கூடவே போகிற பலமும் இல்லை. வருடக்கணக்காக நான் பிடித்துக்கொண்டிருந்தது எதை என்று அப்போதுதான் உறைத்தது.

திரும்பி வந்தபின் கோபம் வராமல் இல்லை. இப்போது அது வருவது தெரிகிறது. முதலில் காது சூடாகும், தாடை இறுகும். ஒரு மூச்சு விடுகிற நேரம் கிடைக்கிறது. அந்த ஒரு மூச்சு எனக்குப் போதும். வீட்டிலும் சாப்பாட்டின் ருசி தெரிகிறது. எத்தனையோ வருடமாக என்ன சாப்பிடுகிறோம் என்றே தெரியாமல் சாப்பிட்டிருக்கிறேன்.

பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினான். நம்பவில்லை என்று புரிந்தது. அவனைக் குறை சொல்ல முடியாது. அப்புறம் பல மாதம் கழித்து, ஒரு மாலை அவனே என் அறைக்கு வந்தான்.

"சார், வங்கிக் கணக்கு ஒத்துப்போகல. போன மாசம் நான்தான் தப்பா பதிஞ்சிட்டேன்னு நினைக்கிறேன்."

கையில் வவுச்சர் கட்டு இருந்தது. விரல் நடுங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உட்காருப்பா, பார்ப்போம்" என்றேன்.